மலிண்டா போட்ட தாழ்

மலிண்டா கணவனின் கோட்டுக் கொக்கிகளை மேலிருந்து கீழாக மாட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுக்குப் பொத்தான் கிடையாது. கொக்கியும் வளையமும்தான். இரண்டு கை இருப்பவனுக்கு அது கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற காரியம். அட்லிக்கு இப்போது ஒரு கைதான். அவன் உத்தரத்தைப் பார்த்தபடி, குளம்புக்கு லாடம் அடிக்க நிற்கிற குதிரை மாதிரி பொறுமையில்லாமல் நின்றான்.

"எல்லாத்தையும் மாட்டணுமா? மேல ரெண்டு போதாதா?"

"வர்றவங்க உன்னைச் சொல்ல மாட்டாங்க. என்னைத்தான் சொல்லுவாங்க. நேரா நில்லு."

கடைசிக் கொக்கி விழுந்ததும் அவனுடைய வலது கையைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்தாள். முழங்கை வரை கட்டு. கட்டின் நுனியில் கட்டைவிரல் மட்டும் வெளியே தெரிந்தது, வீங்கி, தையல் கருப்பாக ஓட, நகத்துக்குக் கீழே ஒரு கம்பி நீட்டிக்கொண்டு. நகத்தை அழுத்தினாள். வெளுத்தது. விட்டாள். சிவப்பு மெல்ல ஏறியது. அதைப் பார்த்த பிறகுதான் அன்றைக்கு அவளுக்குப் பொழுது விடிந்தது.

அமெரிக்காவில், ஓஹையோவில், பழைய முறைப்படி வாழ்கிற ஆமிஷ் கிறிஸ்தவர்களின் வீடுகளில் பாதிக்குப் பின்னால் ஒரு மரப்பட்டறை உண்டு. மின்சாரக் கம்பி அவர்கள் வாசலுக்கு வருவதில்லை. டீசல் எஞ்சினிலிருந்து பட்டை போட்டு ரம்பத்தை ஓட்டுவார்கள். அட்லியின் அப்பா யோஸ்ட்டின் பட்டறையில் சரக்கு அடுக்குகிற மரத்தட்டு செய்தார்கள். ஜனவரிக் குளிர் பட்டறைக்குள்ளும் பாதி இருந்ததால் அட்லி தோல் கையுறை போட்டுக்கொண்டு வட்ட ரம்பத்தில் பலகை அறுத்தான். பலகையில் ஒரு கணு. ரம்பம் கணுவில் துள்ளி, கையுறையைக் கவ்வி, கையையும் சேர்த்து இழுத்தது. வெறும் கையாக இருந்திருந்தால் தோல் கிழிந்ததோடு போயிருக்கும். சத்தம் கேட்டு மலிண்டா ஓடிப்போனபோது அட்லி மரத்தூளில் உட்கார்ந்திருந்தான். அறுந்த கட்டைவிரல் கழன்று கிடந்த கையுறைக்குள்ளேயே இருந்தது, அதன் இடத்தில், ஒழுங்காக.

யோஸ்ட் மகனின் கையைத் துணியால் இறுக்கிக் கட்டினார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கட்டி முடித்ததும் மண்வெட்டியைத் தேடிப் போனார். அவருடைய இடது கையில் இரண்டு விரல் இல்லை. அவை வேலியோர ஆப்பிள் மரத்தடியில் கிடக்கின்றன. உடம்பின் ஒரு பாகம் போனால் மண்ணில் வைப்பதுதான் முறை என்று அவர் தன் அப்பாவிடம் கண்டவர்.

"மண்ணு உறைஞ்சு கல்லாட்டம் கிடக்கு. ஆனாலும் தோண்டிடலாம்" என்றார்.

மலிண்டா கையுறையைத் தூக்கிக்கொண்டு வீட்டில் போன் வைக்காதவர்களுக்குப் பொதுவாகப் பாதை முனையில் இருக்கிற போன் கொட்டகைக்கு ஓடினாள். ஆம்புலன்ஸ்காரர்கள் போனில் சொன்னபடியே ஈரத்துணியில் சுற்றி, பையில் போட்டு, பையைப் பனிக்கட்டி மேல் வைத்தாள். அவர்கள் வந்தபோது யோஸ்ட் மண்வெட்டியோடு ஆப்பிள் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். புதைக்க எதுவும் இல்லை என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தார் போல.

மலிண்டா அப்படித்தான். மாட்டேன் என்கிற சொல் அவள் வாயில் வராது. ஒன்பது பெண்கள் பிறந்த வீட்டில் மூன்றாமவள். கல்யாண வீடுகளில் மற்ற பெண்கள் பாட்டுப் பாடும் நேரத்தில் கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பவள் அவளாகத்தான் இருப்பாள், யாரும் சொல்லாமலே. பிடிக்காத காரியம் என்றால் பேசாமல் வேறொன்றைச் செய்துவிடுவாள். அட்லி கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூடச் சம்மதம் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் நீலத் துணி வாங்கிவந்து கல்யாண உடுப்புத் தைக்க ஆரம்பித்தாள். அவள் தங்கை போய் அட்லியிடம் சொல்ல வேண்டியிருந்தது.

நகரத்து ஆஸ்பத்திரியில் பகல் முழுக்க உட்கார்ந்து விரலைத் தைத்தார்கள். கை வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா பேச்சில் கறார்.

"விரல் ஒட்டியிருக்கு. பிழைச்சிருச்சுன்னு இன்னும் நான் சொல்லலை. அதுக்குப் போற ரத்தக்குழாய் நூல் கணக்கா இருக்கு. கொஞ்சம் சுருங்கினா போச்சு. குளிர் சுருக்கும். காபி, டீ, சாக்லேட் சுருக்கும். எல்லாத்தையும் விட மோசம் புகையிலை. அவர் பிடிக்கணும்னு இல்லை, பக்கத்துல யாராவது பிடிச்சாலே போதும். ஒரு மாசம். கட்டைவிரல்தான் பாதிக் கை, ஞாபகம் வச்சுக்குங்க."

அட்லி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கார் வைத்துக்கொள்ளாத அவர்களுக்காகப் பக்கத்து வீட்டம்மா ஓட்டிவந்த வேனில் வீடு திரும்பும் வழியில் சொன்னான்: "இந்தப் புகை விஷயத்தை யார்கிட்டயும் சொல்லிடாத."

"ஏன்?"

"நம்ம சபையில கை முழுசா இருக்கறவன் எத்தனை பேரு? எப்னுக்கு மூணு விரல்தான். அப்பாவுக்கு ரெண்டு போச்சு, அன்னிக்குச் சாயங்காலமே பால் கறந்தாரு. எவனாவது ஊரைக் கூட்டி, எனக்காகப் பைப்பை அணைங்கன்னு சொன்னானா? என் விரல் மட்டும் என்ன தங்கமா?"

பெருமைக்காரன் என்று பேர் வாங்குவதைவிட விரலை இழப்பது மேல் என்று நினைக்கிற ஊர் அது. மலிண்டாவுக்கும் அது தெரியும். ஆனால் டாக்டரம்மா சொன்னதும் காதில் இருந்தது. மாமனாரிடம் மட்டும் ஒரு முறை மென்று விழுங்கிச் சொன்னாள். யோஸ்ட் மனைவியை இழந்தவர். மகன் வீட்டோடு ஒட்டிக் கட்டிய சிறு வீட்டில் இருந்தார். நடுவில் ஒரு கதவு. மூன்று வேளையும் அந்தக் கதவு வழியாகத்தான் சாப்பிட வருவார்.

"மாமா, டாக்டர் புகை ஆகாதுன்னாங்க."

"சரிம்மா" என்றார். அந்த வாரம் முழுக்கத் தன் பக்கத்திலேயே பிடித்தார். நல்ல மனிதர்தான்.

ஆபத்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் சபை கூடும். கூடாத ஞாயிறு ஒருவரையொருவர் பார்க்கப் போகிற நாள். அடிபட்ட வீடு என்றால் கேட்கவே வேண்டாம். மதியத்துக்குள் முற்றத்துப் பனியில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. பிள்ளைகளை அவள் முன்பே தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தாள். ஆண்கள் தொப்பியைக் கழற்றி, வாசலை ஒட்டிய கழுவுமிடத்து மேசையில் வைத்துவிட்டுக் கூடத்தில் அட்லியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெண்கள் அடுப்படியில்.

பிரசங்கி ரோமன் ட்ராயர் வந்தார். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த சிரிப்பு. அட்லியின் கட்டைவிரலைக் குனிந்து பார்த்தார்.

"அடேய், நம்ம சபையில போன விரல் திரும்பி வந்தது இதுதான்டா முதல் தடவை. பைபிள்ல வர்ற ஊதாரிப் பிள்ளை மாதிரி வீட்டுக்குத் திரும்பி வந்துருச்சு."

"என்னோடது இன்னும் வரலையே" என்று எப்ன் தன் மூன்று விரல் கையைத் தூக்கிக் காட்டினான். "அந்தப் பிள்ளையாட்டம் இன்னும் பன்னிகளோட தவிடு தின்னுக்கிட்டு இருக்கோ என்னமோ."

"நாம எல்லாரும் சேர்ந்தா ஒரு ஆளுக்கு முழுக் கை தேறும்டா."

"தேறும். ஆனா எல்லாம் இடது கையா இருக்கும்."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அட்லியும் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரிப்பதை மலிண்டா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ரோமனின் மனைவி வெர்னா காபிக் கோப்பையோடு வந்து அட்லியின் இடது கையில் கொடுத்தாள். "சூடா குடிப்பா. ரத்தம் ஊறும்."

அட்லி கோப்பையைப் பார்த்தான், மலிண்டாவைப் பார்த்தான், வாய் திறக்கவில்லை. மலிண்டா வந்து கோப்பையை வாங்கி நின்றபடியே குடித்து முடித்தாள்.

"அடி, அது அவனுக்குடி!"

"எனக்குத் தொண்டை வறண்டுபோச்சு" என்றாள்.

வெர்னா இன்னொன்று கொண்டுவந்தாள். அதையும் மலிண்டா குடித்தாள். பிறகு வேறொருத்தி கொண்டுவந்தாள், பாலும் சர்க்கரையும் தூக்கலாக. அதுவும் அவள் வயிற்றுக்குத்தான் போனது. "பாவம், ராத்தூக்கம் இல்லை போல" என்று பெண்கள் அடுப்படியில் பேசிக்கொண்டார்கள். அவள் இதயம் ஓட்டப்பந்தயக் குதிரை மாதிரி அடித்துக்கொண்டது. 

பிறகு ரோமன் தன் பைப்பை எடுத்தார். புகையிலையை அடைத்தார். எப்னும் எடுத்தான். யோஸ்ட் சும்மா இருப்பதைப் பார்த்து ரோமன் பையை நீட்டினார். "என்ன யோஸ்ட், நோன்பா? என்னோடதைப் போட்டுப் பாரு. இந்த வருஷத்துப் புகையிலை, தேன் மாதிரி."

யோஸ்ட் மருமகள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மலிண்டா தலையைக் குனிந்துகொண்டாள். பிரசங்கி கொடுக்கும்போது வேண்டாம் என்று அவர் எப்படிச் சொல்வார்? அவள் எப்படிச் சொல்வாள்? யோஸ்ட் பற்றவைத்தார்.

குளிருக்குப் பயந்து சாத்திய கூடம். அடுப்பு எரிகிறது. புகை எங்கே போகும்? முதலில் உத்தரத்தோடு நின்றது, பிறகு தலைகளுக்கு இறங்கியது. மலிண்டா ஜன்னலை ஒரு சாண் தூக்கினாள். பனிக்காற்று கத்தி மாதிரி உள்ளே வந்து நேரே அட்லியின் மேல் விழுந்தது. அவள் அதை மூடப் போவதற்குள் எப்ன் எழுந்து சாத்திவிட்டான். "நோயாளி இருக்கற வீடு. குளிரு ஆகாதும்மா."

திறந்தால் குளிர், சாத்தினால் புகை. மாடி அறையில் அடுப்பு இல்லை. அவள் அட்லியின் காதில் சொன்னாள்: "அடுப்படிக்கு வா."

"பொம்பளைங்க நடுவுல உக்காரச் சொல்றியா? போ."

"கையைக் கொடு."

"எல்லாரும் பாக்கறாங்க."

அவள் கையைத் தூக்கி நகத்தை அழுத்தினாள். வெளுத்தது. விட்டாள். காத்திருந்தாள். சிவப்பு வரவில்லை. மீண்டும் அழுத்திப் பார்த்தாள். விரல் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தது. தொட்டால் சில்லென்றது. இடது கை விரல்கள் சூடாக இருந்தன.

ரோமன் ஏதோ கதையின் நடுவில் இருந்தார். மலிண்டா கழுவுமிடத்துக்குப் போனாள். மேசை மேல் கருப்புத் தொப்பிகள் குவிந்து கிடந்தன. பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான். ஆனால் பிறந்தது முதல் அந்தத் தொப்பிகளைப் பார்த்தவளுக்கு யாருடைய விளிம்பு எவ்வளவு அகலம், எது எந்த மழையில் நனைந்து வளைந்தது என்று தெரியும். அத்தனையையும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முதலில் ரோமனின் தொப்பியை அவர் மடியில் வைத்தாள்.

கதை நின்றது.

"என்னம்மா இது?"

அவள் அடுத்தவரிடம் போனாள். எப்னுக்கு அவன் தொப்பி. அடுத்தவனுக்கு அவனுடையது. வரிசையாக, பரிமாறுகிற மாதிரி, ஒன்றுகூட மாறாமல். யாரோ ஒருவன் சிரிக்கப் பார்த்தான், பாதியில் நிறுத்தினான். அட்லியின் முகம் காதுவரை சிவந்தது.

"மலிண்டா! என்ன செய்யற நீ? பைத்தியமா?"

தொப்பிகள் தீரும்வரை அவள் நிறுத்தவில்லை. வெர்னா அடுப்படி வாசலில் வந்து நின்று, தன் கணவன் மடியில் தொப்பியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சால்வையை எடுத்தாள். கிளம்பச் சொல்கிறாள் என்று பெண்களுக்கு வேகமாகப் புரிந்தது. ரோமன் மெல்ல எழுந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. கதவு திறந்தது, மூடியது, திறந்தது.

யோஸ்ட் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கொடுக்க அவளிடம் தொப்பி இல்லை. நடுக்கதவு வழியாக வந்தவருக்குத் தொப்பி எதற்கு? பைப் இன்னும் புகைந்தது. அவர் மருமகளையே பார்த்தார்.

இனி செய்ய வேறொன்றும் இல்லை. வாயைத் திறந்துதான் ஆகவேண்டும்.

"மாமா, நீங்களும் எந்திரிங்க."

"நானா?"

"விரல் செத்துக்கிட்டு இருக்கு. பைப்பை எடுத்துக்கிட்டு உங்க பக்கம் போங்க. கதவைத் தாழ் போடப் போறேன்."

"இந்த வீட்டைக் கட்டினவன் நான்" என்றார் யோஸ்ட். குரல் உயரவில்லை. "அந்தக் கதவை இழைச்சுப் போட்டதும் நான்தான்."

"தெரியும் மாமா. எந்திரிங்க."

"அப்பாகிட்டப் பேசற பேச்சா இது?" என்று அட்லி கத்தினான்.

"நீ சும்மா இரு. உனக்குப் பேச வராமத்தானே நான் பேச வேண்டியதாப் போச்சு."

யோஸ்ட் எழுந்தார். பைப்பைக் கையில் மூடிக்கொண்டார், சூடு சுட்டிருக்கும். நடுக்கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. அதில் ஒரு இரும்புத் தாழ் இருந்தது. கதவுக்கு வண்ணம் அடித்தபோதெல்லாம் சேர்த்து அடித்ததில் ஒட்டிக் கிடந்தது. கையால் நகரவில்லை. விறகுக் கட்டையை எடுத்து அடித்தாள். மூன்றாவது அடியில் வண்ணம் பெயர்ந்து தாழ் விழுந்தது. அந்தப் பக்கம் நின்றவருக்கு ஒவ்வொரு அடியும் கேட்டிருக்கும்.

அட்லியை எழுப்பி அடுப்படிக்குக் கொண்டுபோனாள். இப்போது அங்கே பெண்கள் யாரும் இல்லை, அவனுக்குச் சாக்கும் இல்லை. அடுப்போரம் உட்காரவைத்துப் போர்வை சுற்றி, கூடத்துக் கதவைச் சாத்தி, கூடத்தின் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். பிறகு பனியில் போன் கொட்டகைக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டாள்: "வெளுப்பா, நீலமா?"

"வெளுப்பு. சில்லுன்னு இருக்கு."

"அப்போ கையைத் தூக்கி வைக்காதீங்க, கீழ தொங்கவிடுங்க. கட்டு இறுக்கமா இருந்தா மேல் சுற்றைத் தளர்த்துங்க. கம்பளி சுத்தி அறையை நல்லாச் சூடு பண்ணுங்க. அரை மணி நேரத்துல நிறம் வரலைன்னா கிளம்பி வந்துருங்க. வண்டி இருக்கா?"

"பக்கத்து வீட்டம்மா ஓட்டுவாங்க."

"தயாரா இருக்கச் சொல்லுங்க. நீங்க ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க?"

"காபி" என்றாள் மலிண்டா, போனை வைத்தாள்.

அட்லியின் கையை நாற்காலிக்குக் கீழே தொங்கவிட்டு, கட்டைத் தளர்த்தி, அவள் தரையில் உட்கார்ந்தாள். அடுப்பில் விறகு திணித்தாள். வெளியே பக்கத்து வீட்டம்மா வேனைக் கொண்டுவந்து நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டிருந்தாள். அந்தச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"நாளைக்கு ஊரே இதைத்தான் பேசும்" என்றான் அட்லி.

"பேசட்டும்."

"பிரசங்கி மடியில தொப்பியை வைக்கறதா? எங்க அப்பாவை…" அவனுக்கு மேலே வரவில்லை. "விரல் போனாப் போயிருக்கட்டுமே."

"உனக்குப் போனாப் போகலாம். கோட்டு மாட்டி விடறவ நான். பசு கறக்கப் போறவ நான். கடிவாளம் பிடிக்க உன் பக்கத்துல உக்காரப் போறவளும் நான். எனக்கு அது வேணும்." வாழ்க்கையில் அவள் தொடர்ந்து பேசிய நீளமான பேச்சு அதுதான்.

 அவள் நகத்தை அழுத்தினாள். ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. சால்வையை எடுக்கக் கை நீட்டினாள், கிளம்பிவிடலாம் என்று. அதற்கு முன் இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். தையலுக்கு மேலே, விரலின் ஓரத்தில், ஒரு மங்கலான சிவப்பு. வெளிச்சத்தின் சிவப்போ என்று அடுப்புக் கதவைச் சாத்திப் பார்த்தாள். இல்லை, விரலின் சிவப்புத்தான். அது நகத்தடிக்கு வருவதற்குள் அவளுக்கு இரண்டு கால்களும் மரத்துவிட்டன.

"வலிக்குது" என்றான் அட்லி. "குத்துது."

"குத்தட்டும்" என்றாள். வெளியே போய் வேன்காரம்மாவை வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

மறுநாள் திங்கட்கிழமை. விரல் சிவப்பாகவும் சூடாகவும் இருந்தது. டாக்டரம்மா இன்னும் மூன்று வாரத்துக்குப் பிழைத்துவிட்டது என்று சொல்லமாட்டாள், மலிண்டாவும் சொல்லவில்லை. கூடத்துத் திரைச்சீலைகள், நாற்காலி மெத்தைகள், அட்லியின் ஞாயிற்றுக் கோட்டு, எல்லாவற்றிலும் புகை நாறியது. அனைத்தையும் அள்ளிக் கழுவுமிடத்துக்குக் கொண்டுவந்து தொட்டியில் வெந்நீர் ஊற்றினாள்.

வாசற்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தாள். யோஸ்ட், தலையில் தொப்பியோடு. தன் பக்கத்திலிருந்து வீட்டைச் சுற்றிப் பனியில் நடந்து வந்திருந்தார். கன்னம் சிவந்திருந்தது.

"எப்படி இருக்கு?"

"நிறம் இருக்கு."

அவர் தலையாட்டினார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று கோட்டைக் கழற்றினார். சட்டையோடு குளிரில் நின்றபடி அதை நீட்டினார்.

"இதையும் போட்டுரு. நாத்தம் இதுலதான் அதிகம்."

மலிண்டா வாங்கிப் பைகளைத் தடவிப் பார்த்தாள். புகையிலைப் பை ஒன்று கிடைத்தது. எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"பைப்?"

"பட்டறையில வச்சுட்டேன். அங்கேயே இருக்கட்டும்." கொஞ்சம் நின்றார். "காலைச் சாப்பாட்டுக்கு…"

"அடுப்புல கஞ்சி இருக்கு மாமா. கை முகம் கழுவிட்டு வாங்க."

"அந்தக் கதவு?"

"இன்னும் மூணு வாரம் தாழ்தான். இந்த வழியா வாங்க."

யோஸ்ட் கழுவுமிடத்துக்குள் வந்து, சட்டைக்கையை மடித்துவிட்டு, சோப்பை எடுத்து முழங்கை வரை தேய்க்க ஆரம்பித்தார். மலிண்டா அவருடைய கோட்டைத் தொட்டிக்குள் போட்டு அமுக்கினாள்.